வலை பின்னாச் சிலந்தி

சிலந்தி என்னுஞ் சொல் செவியில் விழுந்த அளவிலே நம் உள்ளத்தில் எழுவது அதன் வலையே. நூலோர் மரபும் அதுவே. திருவானைக்காவில் வெண்ணாவலின் கீழிருந்த இலிங்கத்தின்மேற் சருகு உதிராவண்ணம் வலை பின்னிக் காத்த சிலந்தியே மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழனாயிற்றென்று சைவப் புராணங் கூறும். வடமொழியாளர் இவ்வுயிரை ஊர்ணநாபி என்றழைத்தது, உந்தியில் நூலுடையது என்னும் பொருள் பற்றியே. எம் திருமறையில் யோபுவின் ஆகமத்திலும் ஏசாயாவின் ஆகமத்திலும் சிலந்தி வருமிடத்து அதன் நெசவே பேசப்படுகின்றது. இசுலாமியர் திருமறையின் 29ஆம் அதிகாரம் சிலந்தியின் பெயரையே தாங்கி, அதன் வீட்டின் மெலிவை உவமையாக்குகின்றது. இங்ஙனம் சமயந்தோறும் சிலந்தியை நெசவாளியாகவே கண்டு பழகிய நமக்கு, இரை பிடிக்க வலையே பின்னாத சிலந்தியும் உண்டெனின் அது வியப்பாகவே தோன்றும். எமக்கும் அவ்வாறே தோன்றிற்று.

அவ்வியப்பு எம்மைப் பற்றிய இடம் ஜெகதாப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையில், பாக் விரிகுடாவை நோக்கியிருக்கும் இவ்வூரை நாளிதழ் படிப்போர் மீனவர் ஊராகவே அறிவர். கிழக்கே விசைப்படகுகளும், ஐஸ் ஏற்றிய வண்டிகளும், கருவாடு உலரும் களங்களும். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து மேற்கே நடந்தாலோ கண்மாய்களும் கருவேலமும் நெல்வயல்களும். கல்லணைக் கால்வாய் இம் மணமேல்குடிப் பக்கத்து மும்பாலை ஏரியோடு முடிகின்றது. ஆதலின் இப்பகுதி முழுதும் கடைமடையாம். மேலே உள்ளோர் அனைவரும் கொண்டது போக எஞ்சியதே இங்கு வந்து சேரும். அது வாராத ஆண்டில் ஐப்பசி, கார்த்திகை மழையே இவ்வுழவர்க்குக் காவிரி. இங்கே எம் தாய்மாமனுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நன்செய் உண்டு. சென்ற மார்கழியிற் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சென்றிருந்தபொழுது, காலைப் பனி உலருமுன் அவரோடு வயலுக்குப் போனோம்.

வரப்பின்மேல் ஒரு கைத்தெளிப்பானும், அட்டைப் பெட்டி பிரிக்கப்படாத மருந்துப் புட்டியொன்றும் இருந்தன. "புகையான் இறங்கிவிட்டது மாப்பிள்ளை, நாளைக் காலையில் அடித்துவிட வேண்டியதுதான்" என்று சொல்லி, மாமா குனிந்து பயிரை இருகையாலும் விலக்கிக் காட்டினார். தண்டின் அடியில், நீர்மட்டத்திற்கு இரண்டு விரற்கடை மேலே, பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகள் தலைகீழும் மேலுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றினிடையினின்று சாம்பற் பழுப்பான ஒரு சிலந்தி வெளிப்பட்டு, நிலத்தில் ஓடுவது போலவே நீரின்மேல் ஓடி, அடுத்த குத்தினுள் மறைந்தது. யாம் அதனைச் சுட்டிக் கேட்டபொழுது, "எட்டுக்கால் பூச்சிதான். மருந்தடித்தால் முதலில் அதுதான் போகும்" என்றார். அவர் நினையாது சொன்ன அவ்விரண்டாவது வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அன்று யாம் பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் இட்டு நோக்கியவற்றைக் கொண்டு அச்சிலந்தியின் உருவத்தை இங்கே வரைகின்றோம். பெண் சிலந்தியின் உடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். ஆண் அதனினுஞ் சிறிது. ஏனைச் சிலந்திகட்குப் போலவே தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்த முன்பாகமும், மெல்லிய இடையால் அதனோடு பொருந்திய வயிறுமாக உடல் இரு கூறுடையது. முன்பாகத்தின் முதுகில், இருண்ட நிறத்தினிடையே, வெளிறிய கவைக்கோல் போன்ற ஒரு குறி உளது. ஆட்டுக்குத் தழை ஒடிக்குங் கவையை நினைத்துக்கொண்டால் அதன் வடிவம் விளங்கும். வயிற்றின்மேல் வெண்புள்ளிகள் சிதறியிருக்கும். உடல் முழுதும் குறுமயிர் அடர்ந்திருத்தலான் நீர் ஒட்டுவதில்லை. எடையும் மிகக் குறைவாதலின் நீரின் மேற்பரப்பு அதனைத் தாங்குகின்றது. கால்கள் 8. அவற்றை மடக்குவதற்குத் தசையுண்டு. முதன்மையான இரண்டு மூட்டுக்களை நீட்டுவதற்கோ தசையில்லை, உடலினுள்ளிருக்கும் நீர்மத்தின் அழுத்தமே அவற்றை நீட்டுகின்றது. செத்த சிலந்தியின் கால்கள் அகத்தே சுருண்டு கிடப்பதன் காரணம் இதுவே. பலகாற் கண்டும் இதனை யாம் ஒருநாளும் வினாவியதில்லை!

கண்களைப் பற்றிச் சிறிது நின்று கூறுதல் வேண்டும். என்னை? இவ்வினத்தாரை ஏனைச் சிலந்திகளினின்று பிரித்தறிவதற்கு அவையே முதற்கருவி. கண்கள் 8, மூன்று வரிசையாக அமைந்துள்ளன. அடிவரிசையில் மிகச் சிறியன நான்கு. அவற்றிற்கு மேலே முன்நோக்கியன பெரியன இரண்டு. அவற்றிற்கும் பின்னே மேலும் பக்கமும் நோக்கியன இரண்டு. வலைச் சிலந்தி தன் நூலின் அதிர்வால் உலகை அறியும். இதுவோ ஓடித் திரிந்து வேட்டையாடுவதாகலின் அதற்குக் கண்ணும் காலுமே கருவி. அடிவரிசையின் நடுவிரண்டும் ஒழிந்த ஏனைய கண்களினுள்ளே ஒளியைத் திருப்பும் ஒரு படலம் உளது, பூனையின் கண்ணில் இருப்பது போல. அதனால் இரவில் இவற்றைத் தேடுதல் பகலில் தேடுதலினும் எளிது. டார்ச்சு விளக்கை நெற்றியோடு ஒட்டப் பிடித்து, ஒளிவழியே நோக்குதல் வேண்டும்; இடுப்பருகே பிடித்தால் ஒன்றுந் தோன்றாது. அன்றிரவே வரப்பின்மேல் நின்று அவ்வாறு நோக்கினோம். கரிய வயலெங்கும் பசிய நுண்பொறிகள்! பனித்துளியென்று முதலில் மயங்கினோம். பனித்துளி இடம் பெயராதன்றோ? இவை பெயர்ந்தன. மாமாவும் எம் கையிலிருந்த விளக்கை வாங்கி நெடுநேரம் நோக்கினார். முப்பது ஆண்டு உழுத தம் வயலில் இத்தனை காவலர் இரவில் விழித்திருந்ததை அவர் அன்றுதான் கண்டார். ஆயினும் புட்டியைப் பற்றி அன்று அவர் ஒன்றும் உரைத்திலர்.

இச்சிலந்தியின் குடும்பப் பெயர் லைகோசிடே என்பது. ஸ்வீடன் நாட்டுச் சுண்டவால் என்பார் 1833இல் அதனை வகுத்தார். கிரேக்க மொழியில் ஓநாய் என்று பொருள்படுஞ் சொல்லினின்று வந்தது அப்பெயர். தமிழில் ஓநாய்ச் சிலந்தி என்று வழங்குகின்றோம். ஓநாய் கூட்டமாய் வேட்டையாடும். இச்சிலந்தியோ தனித்தே வேட்டையாடும், பசித்தால் தன் இனத்தையும் தின்னும். ஆகவே உவமை முழுதும் பொருந்துமாறில்லை. துரத்திப் பாய்ந்து பற்றும் ஒன்றை மட்டும் கருதிப் பெயரிட்டார் போலும். உலகில் இதுகாறும் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் தொகை 2022இல் 50,000த்தை எட்டிற்று. அவற்றுள் ஓநாய்ச் சிலந்திகள் 2,400க்கு மேற்பட்டன. இத்தாலியின் டாரன்டோ நகரத்துப் பெயர் கொண்ட டாரன்டுலாவும் முதலில் இக்குடும்பத்து ஒரு சிலந்தியே. அதன் கடிக்கு மருந்தாக மக்கள் ஆடிய கூத்து இன்றும் டாரன்டெல்லா எனப்படுகின்றது. பெரிய மயிரடர்ந்த வேறு சிலந்திகளை அப்பெயரால் அழைத்தல் பிற்கால வழக்கு.

எம் வயற்சிலந்தியின் முழுப்பெயர் பார்டோசா சூடோஅன்னுலேட்டா. ஜப்பானிற் கிட்டியவற்றைக் கொண்டு போசன்பர்க், ஸ்ட்ராண்ட் என்னும் இருவர் 1906இல் இதனை முதன்முதல் விரித்தெழுதினர். இந்தியாவினின்று சீனம், ஜப்பான் ஈறாக நெல் விளையும் நாடுகளிலெல்லாம் இஃது உண்டு. பழைய வேளாண்மை நூல்களில் லைகோசா என்னும் பெயரின்கீழ்த் தேடினும் கிடைக்கும். நம் நாட்டு ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றி 1924இல் எழுதியவர் கிரேவ்லி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1920 முதல் 1940 வரை இருந்தவர் அவரே. பின்னர் 1980இல் திக்காதர், மல்ஹோத்ரா என்னும் இருவரும் இக்குடும்பத்தை விரிவாக ஆராய்ந்து இந்திய விலங்கியல் வரிசையில் ஒரு பெருநூல் வெளியிட்டனர். முதுகின் கவைக்குறி ஒன்றே கொண்டு இனத்தைத் துணிதல் தகாதென்றும், பெண்ணின் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியின்கீழ்க் காணல் வேண்டுமென்றும் எம் கல்லூரி விலங்கியல் ஆசிரியர் ஒருவர் கூறினார். செத்த பெண்ணொன்றை யாம் கொணர்ந்து கொடுக்க, அவரே நோக்கி இவ்வினமெனத் தெளிவித்தார்.

இனி அதன் வாழ்க்கை. நடவு முடிந்த சில நாட்களிலேயே இச்சிலந்தி வயலுக்குள் வந்துவிடுகின்றது. அப்பொழுது பயிரில் தின்னத்தக்க பகைப்பூச்சி ஏது? இவ்வினாவிற்கு விடை 1996இல் வெளிவந்த சாவகத்தீவு ஆராய்ச்சியொன்றிற் கிடைக்கின்றது. வயற்சேற்றில் மட்கும் இலைதழைகளை உண்டு சிறு கொசு போன்ற ஈக்களும் வேறு நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. பயிருக்கு நன்றும் தீதும் செய்யாத இவற்றை உண்டே சிலந்தி முதலிய வேட்டைப் பூச்சிகள் பருவத்தின் தொடக்கத்திற் பல்குகின்றன. பகைப்பூச்சி வரும்பொழுது காவற்படை முன்னரே நிற்கின்றது. ஆகவே தழையுரமும் ஆட்டுக்கிடையும் பயிருக்கு மட்டுமன்றிப் பயிர்க்காவலுக்கும் உணவாகின்றன. இப்பக்கத்து உழவர் கோடையிற் கிடை மறித்தலை உரத்தின்பொருட்டே செய்வர். அதில் இவ்வூதியமும் அடங்கியிருப்பதை அறிந்தவர் சிலரே.

பகலிற் குத்தின் அடியிலும் வரப்புப் புல்லிலும் அமர்ந்திருக்கும் இச்சிலந்தி, இரை அசைந்த அளவிலே பாய்ந்து முன்கால்களாற் பற்றித் தன் நச்சுப்பற்களை அழுத்தும். இரை அடங்கியபின் செரிப்புநீரைச் செலுத்தி, உடலைக் கூழாக்கி உறிஞ்சும். சக்கை மட்டும் நீரில் மிதக்கும். வளர்ந்த சிலந்தியொன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 வரை இரை கொள்ளுமெனப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டுள்ளனர். குருத்துப்பூச்சியின் தாயந்துகளையும் இது பற்றும். குஞ்சுகளோ தத்துப்பூச்சியின் குஞ்சுகளைப் பற்றும். ஆயினும் இதற்கு நண்பனும் பகைவனும் என்ற பிரிவில்லை. புகையானின் முட்டையை உறிஞ்சி நமக்கு நன்மை செய்யும் நாவாய்ப் பூச்சியையும் இது தின்றுவிடும். காவலன் சிறிது களவும் செய்வான் போலும்!

மனிதர்க்கு இதனால் தீங்குண்டோ வெனின், கையில் அழுத்திப் பிடித்தாலன்றிக் கடிப்பதில்லை. கடித்தாலும் சிறிது நேரம் நோகுமேயன்றி வேறில்லை. தமிழில் சிலந்தி என்னுஞ் சொல்லுக்குப் புண், கட்டி என்னும் பொருளும் வழங்குகின்றது. இரவிற் சிலந்தி மேலே பட்டதனால் தோல் வெந்து கொப்புளித்ததென்று நம் வீட்டுப் பாட்டிமார் கூறுவதும் அதுபற்றியே. அத்தகைய கொப்புளங்கள் பலவற்றிற்குக் காரணம் சிலந்தியன்று. விளக்கொளி நாடி வீட்டினுள் வரும், கறுப்பும் செம்மஞ்சளுமான ஒரு சிறு வண்டு. அதனை உடலின்மேல் வைத்து நசுக்கினால், அதன் குருதியிலுள்ள நஞ்சு தோலைப் புண்ணாக்கும். அவ்வண்டும் நெல்வயலில் வாழ்ந்து பகைப்பூச்சிகளைத் தின்பதே. செய்தவன் ஒருவன், பழி சுமப்பவன் மற்றொருவன்.

யாம் மிகுதியும் நின்று நோக்கியது இதன் தாய்மையை. ஆண் சிலந்தி தன் முகத்தருகே உள்ள குறுங்கைகளை உயர்த்தியும் தாழ்த்தியும், கால்களை அதிர்த்தும் பெண்ணை அணுகும்; அக்குறி தவறினால் அது மணமகனாகாது, இரையாய்விடும். கூடியபின் பெண் தன் நூலால் ஒரு சிறு தட்டு நெய்து, அதன்மேல் முட்டையிட்டு, மேலொரு தட்டால் மூடி, இரு விளிம்பையும் இணைத்து ஒரு பையாக்குகின்றது. வலை பின்னாச் சிலந்தி என்று தலைப்பிட்டோமேனும், நூல் இதற்கில்லை யென்பது எம் கருத்தன்று. இரைக்கு வலை விரிப்பதில்லை, மகவுக்குத் தொட்டில் நெய்யும். மிளகினும் சிறிது பெரிய அப்பையைத் தன் வயிற்று நுனியில் நூல் சுரக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, ஓடுமிடமெல்லாம் சுமந்து ஓடும். மூன்று நான்கு திங்கள் வாழும் வாழ்நாளில் ஒரு பெண் 200 முதல் 400 முட்டைகள் இடும்.

அப்பையைப் பறித்தால் யாது செய்யும்? பிரெஞ்சு நாட்டுப் பூச்சியியலறிஞர் பாப்ரு (1823–1915) தம் நாட்டு ஓநாய்ச் சிலந்தியொன்றனிடம் இதனைச் சோதித்தார். பையைப் பறித்துக்கொண்டு, தக்கையில் அதேயளவாகச் செதுக்கிய உருண்டையை அருகிலிட்டார். தாய் அதனையே தன் பையென்று கொண்டு ஒட்டிச் சுமந்தது. எமக்கும் அவ்வாறு செய்து பார்க்கும் ஆசை எழுந்தது. குப்பியிலிருந்த பெண்ணின் பையை ஈர்க்கினால் மெல்லத் தள்ளினோம். அது திரும்பிப் பற்றிக்கொண்டது. மறுமுறை தள்ளினோம், ஈர்க்கையே கடித்தது. மூன்றாமுறை தள்ளும் துணிவு எமக்கு உண்டாகவில்லை. அறிவியலுக்கு வேண்டிய உறுதி தமிழ் மாணவனுக்கு இல்லையென்று நண்பர்கள் நகைப்பாராயின் நகைக்க!

குஞ்சுகள் தாமே பையைக் கிழித்து வெளிவர வல்லனவல்ல. காலம் அறிந்து தாயே தன் பல்லால் தையல்வாயைப் பிரித்துவிடும். வெளிவந்த குஞ்சுகள் தாயின் கால்வழியே ஏறி முதுகின்மேல் அடுக்கடுக்காய் அமரும். ஒரு பையினின்று அறுபது எண்பது குஞ்சுகள் பொரிக்கும் என்பர். வரப்பில் யாம் கண்ட ஒரு தாயின் முதுகில் எண்ணத் தொடங்கினோம். நாற்பதைக் கடந்ததும் அது புல்லுக்குள் நுழைந்துவிட்டது. கீழே விழுந்த குஞ்சு தாயின் காலைத் தேடி மீண்டும் ஏறிக்கொள்ளும். தாய் நின்று எடுப்பதில்லை. முதுகிலிருக்கும் நாட்களில் அவை இரை கொள்வதுமில்லை. முட்டையினின்று கொணர்ந்த கருவுணவே போதும்.

சில நாட்களின் பின் அவை பிரியுங் காலம் வரும். அப்பொழுது குஞ்சு ஒரு புல்லின் நுனி ஏறி, வயிற்றை வானோக்கித் தூக்கி, நூலிழை விடும். காற்று அவ்விழையை ஏந்தக் குஞ்சும் உடன் பறக்கும். காற்று மட்டுமன்றி வானின் மின்புலமும் அவ்விழையைத் தூக்க உதவுகின்றதென்று 2018இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்து கண்டனர். டார்வின் 1832ஆம் ஆண்டு நவம்பரில் தென்னமெரிக்கக் கரைக்கு 60 மைல் அப்பாற் கடலிற் சென்றபொழுது, கப்பலின் கயிறுகளிலெல்லாம் இங்ஙனம் பறந்து வந்த சிறு சிலந்திகளைக் கண்டு எழுதியுள்ளார். ஜெகதாப்பட்டினத்தில் மாலையில் மேல்காற்று வீசும் நாளில் பறந்த குஞ்சுகள் எத்தனை விரிகுடாவில் விழுந்து ஒழியுமோ! கீழ்காற்று வீசும் நாளிற் பறந்தவை அடுத்த வயல்களிற் சென்று குடியேறும். புதிதாய் நட்ட வயலுக்குச் சிலந்தி எங்கிருந்து வருகின்றதென்னும் வினாவிற்கு, வரப்பினின்று நடந்தும், வானினின்று இறங்கியும் என்பதே விடை.

மீண்டும் மாமாவின் புட்டிக்கு வருவோம். புகை பட்டதுபோற் பயிர் வட்டவட்டமாய்க் கருகுதலின் அத்தத்துப்பூச்சி புகையான் எனப்பட்டது. அது தன் முட்டையை இலையுறையின் உள்ளே செருகி வைக்கும். மேலே தெளித்த நஞ்சு தண்டின் அடிவரை முழுதும் சென்று சேர்வதில்லை. சென்றாலும் உறையினுள் இருக்கும் முட்டையைத் தொடுவதில்லை. ஆனால் நீர்மேலும் இலைமேலும் ஓடித் திரியும் சிலந்தி அந்நஞ்சில் தோய்ந்து மாளும். ஒரு வாரங் கழித்து முட்டைகள் பொரிக்கும்பொழுது வயலிற் காவலில்லை. புகையான் முன்னினும் பன்மடங்காய்ப் பெருகும். செயற்கைப் பைரித்திராய்டு வகை நஞ்சுகளில் இவ்விளைவு மிகுதி. இந்தோனேசியாவில் நெல்லெல்லாம் இங்ஙனம் கருகியபொழுது, அந்நாட்டரசு 1986இல் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதென்று விலக்கிற்று. நஞ்சினை மருந்தென்றே வழங்கும் நம் வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. மங்கல வழக்கோ, மயக்க வழக்கோ, அறியோம்.

எம் மாமாவுக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. மூன்றாண்டின் முன் மும்முறை மருந்தடித்தும் அவ்வயலிற் பாதி கருகிற்று. அத்தையின் சங்கிலி அடகுக்கடைக்குச் சென்றது அவ்வாண்டே. மருந்து போதாமையாற் கருகியதென்று அவர் எண்ணியிருந்தார். மருந்தினாலேயே கருகியதென்று பத்தொன்பது வயதில், அதுவும் சொல்லிலக்கணம் படிக்கும் ஒருவன் கூறினால் அவர் ஏற்பாரா? ஆதலின் யாம் வாதிக்கவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்த ஒரு விதியை மட்டும் கைப்பேசியில் எடுத்துக் காட்டினோம். அவ்விதி இது: தண்டொன்றுக்குப் புகையான் ஒன்று என்னும் அளவு வந்தால் மருந்து தெளிக்கலாம்; ஆனால் குத்தொன்றுக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின், தண்டொன்றுக்கு இரண்டு என்னும் அளவுவரை பொறுக்கலாம். சிலந்தியின் உழைப்பைக் கணக்கில் ஏற்றி எழுதிய இத்தகைய விதியொன்று உண்டென்பது எமக்கும் அதுவரை தெரியாது.

மறுநாட் காலை இருவரும் எண்ணினோம். வயலின் ஒரு மூலையினின்று எதிர்மூலைவரை குறுக்கே நடந்து 20 குத்துக்களை விலக்கி நோக்கினோம். புகையானை மாமாவும், சிலந்தியை யாமும். முழங்காலளவு நனைந்து, கைவிரல் நெல்லிலையால் அறுபட்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். புகையான் தண்டொன்றுக்கு ஒன்றின் மேலும் இரண்டின் கீழுமாக நின்றது. சிலந்தியோ குத்துக்கு ஒன்றுக்குக் குறையவில்லை. சிலந்தி இல்லையாயின் அன்றே அடிக்கத்தக்க அளவு. இருத்தலாற் பொறுக்கத்தக்க அளவு. மாமா நெடுநேரம் பேசாதிருந்து, "ஒரு வாரம் பார்ப்போம், கருகினால் உன் படிப்பைத்தான் கேட்பேன்" என்றார். எமக்கு நெஞ்சம் திடுக்கிட்டது. ஏட்டில் உள்ளதைச் சொல்லுதல் எளிது. அது பொய்த்தால் உண்ணாதிருப்பவர் பிறர்.

அவ்வாரம் வயலின் நீரை வடித்தோம். எட்டடிக்கு ஓரடியாகப் பயிரை இருபுறமும் சாய்த்துப் பட்டம் பிரித்தோம். வெயிலும் காற்றும் அடித்தண்டிற் பட்டால் புகையானுக்கு ஆகாது. இடவிருந்த யூரியாவை நிறுத்தினோம். ஆறாம் நாள், நீர் முழுதும் வடியாத தென்கிழக்குத் தாழ்மூலையில், ஒரு கட்டிலளவு பயிர் மஞ்சளித்துக் கருகத் தொடங்கிற்று. மாமா எம்மை ஒன்றுங் கூறவில்லை. கூறியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றிற்று. அன்று மாலை அம்மூலைக்கு மட்டும் வாய்க்கால் வெட்டி நீர் வடித்து, நூற்றுக்கு மூன்று பங்காகக் கலந்த வேப்பெண்ணெயை அடித்தண்டிற் படும்படி தெளித்தோம். கருகல் பின்னும் இரண்டு முழம் பரந்து, அவ்வளவில் நின்றது. விடுமுறை முடிந்து கல்லூரிக்கு மீண்டபின் நாள்தோறும் தொலைபேசியில் அம்மூலையையே வினாவிக்கொண்டிருந்தோம்.

இதனைச் சிலந்தியின் வெற்றியென்று முழங்க யாம் துணியோம். ஒரு வயல், ஒரு பருவம். அவ்வாரத்தில் மழையும் நின்று வெயிலும் காய்ந்தது. நீர் வடித்ததன் பயன் எவ்வளவு, சிலந்தியின் பயன் எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. சிலந்தி ஏராளமாய் இருந்தும் புகையான் மிஞ்சிய வயல்களும் உண்டு. கதிர் முற்றும்வரை வயல் நின்றதென்பதும், அப்புட்டி பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பிற்றென்பதும் மட்டும் மெய்.

தைத் திங்களிறுதியில் அறுவடைக்குச் சென்றிருந்தோம். கதிரறுக்கும் இயந்திரம் கீழ்ப்புறத்தினின்று மேற்காக வந்துகொண்டிருந்தது. அதன் முன்னே, நின்ற பயிர் குறையக் குறைய, சிலந்திகள் மேற்கு வரப்பை நோக்கி ஓடின. முட்டைப்பை சுமந்தனவும், முதுகிற் குஞ்சு சுமந்தனவும் அவற்றுள் இருந்தன. வரப்புப் புல்லில் ஏறியவை ஏற, வைக்கோலின் கீழ்ப் புகுந்தவை புக, சிறிது நேரத்தில் ஒன்றும் காணவில்லை. மறுவாரம் வரப்பு வெட்ட ஆள் வந்தபொழுது, மேற்கு வரப்பை மட்டும் பங்குனிவரை தொடவேண்டாமென்று மாமா சொல்லியனுப்பினாராம். ஏனென்று அவன் கேட்டதற்கு, பிறகு சொல்கின்றேன் என்றாராம்.